புள்ளிகளை மேய்க்கிறவள்

“அடேய் பச்ச, நகருடா! மாடா நீ? நடு ரோட்டுல படுத்துக்கிட்டு அசை போடுறியா?”

வரலட்சுமி திட்டுவது மனிதரை அல்ல, திரையில் அசையாமல் நிற்கும் ஒரு பச்சைப் புள்ளியை. ஒரு கையில் ரொட்டி சானாய். குழம்பு சொட்டாமல் இருக்க அதற்குக் கீழே இன்னொரு கை. இரண்டு கையும் வேலையாக இருப்பதால், மேசையில் கிடக்கும் மூன்று கைப்பேசிகளில் ஒன்றை முழங்கையால் தட்டுகிறாள். “ஹலோ பச்ச, என்னாச்சி? ஆங்... டூரிஸ்ட் பஸ்ஸா? ஸ்ட்ராபெரி கடை வாசல்லயா? சரி சரி, ஹார்ன் அடிச்சி மானத்த வாங்காத. மெல்ல வா லா, மலை எங்கயும் ஓடிப் போயிடாது.” சற்று நேரத்தில் பச்சைப் புள்ளி நகர்கிறது. மிச்ச ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டு, நான் வந்து நிற்பதை அப்போதுதான் பார்த்தவள்போல, “வாங்க டீச்சர், உக்காருங்க” என்கிறாள்.

உட்கார என்று அவள் காட்டுவது கவிழ்த்துப் போட்ட ஒரு காய்கறிக் கூடை. அதன்மேல் ஸ்ட்ராபெரி வடிவத்தில் ஒரு சிவப்புத் தலையணை. பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் சுற்றுலாப் பயணிகளின் தலையில் கட்டுகிற சாமான் அது. யாரோ ஒரு லோரிக்காரர் வாங்கிக் கொடுத்தாராம். “நானா வாங்குவேன் இந்தக் கண்றாவிய?” என்று சொல்லிக்கொண்டே அதைத் தட்டிச் சரிசெய்து போடுகிறாள்.

அவளுடைய அலுவலகம் திரிங்காப் காய்கறிக் கொட்டகையை ஒட்டி நிற்கும் ஒரு பழைய சரக்குப் பெட்டி. ‘கொந்தேனா’ என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். ஒரு பக்கத் தகரத்தை அறுத்து ஜன்னல் வைத்திருக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே சரிவு முழுக்க காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள், அதற்கு அப்பால் தேயிலை, அதற்கும் அப்பால் பனி. உள்ளே எனக்குப் பல் கிட்டுகிற குளிர். வரலட்சுமியோ அரக்கு நிற சுவெட்டரின் கையை முழங்கைவரை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பாள். மற்றவர்கள் சண்டைக்குப் போகும்போது அப்படி ஏற்றிக்கொள்வார்கள். இவள் காலையில் வேலைக்கு உட்காரும்போதே ஏற்றிக்கொள்கிறாள்.

வயது நாற்பத்தைந்தாவது இருக்கும். கேட்டால் முப்பத்தொன்பது என்பாள். எனக்குத் தெரிந்து சில வருடங்களாக அதே முப்பத்தொன்பதுதான். முன்பு காபுட் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தாள். இப்போது தோட்டமும் காய்கறி வியாபாரிகளும் சேர்ந்து அவளை இந்தப் பெட்டிக்குள் உட்கார வைத்திருக்கிறார்கள். கதவில் ‘போக்குவரத்து ஒருங்கிணைப்பாளர்’ என்று மலாயிலும் தமிழிலும் ஒட்டியிருக்கிறது. அவள் வாயில் அந்த நீளப் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. என்ன வேலை என்று கேட்டால், “புள்ளி மேய்க்கிறேன்” என்பாள். அடக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்த மூச்சிலேயே, “நான் ஒரு நாள் லீவு போட்டா இந்த மலையே ஸ்டார்ட் ஆகாது, தெரியுமில்ல?” என்பாள்.

மேய்க்க வேண்டியதாகிவிட்டதற்குக் காரணம் காபுட் தோட்டத்துச் சாலை. ஒரே ஒரு வண்டி போகிற அகலம். ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம். தோட்டத்தைத் தாண்டிச் சின்னச் சின்னக் காய்கறித் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே விளையும் கோபிஸ் என்கிற முட்டைக்கோஸும் தக்காளியும் லோரி ஏறி இந்த வழியாகத்தான் பெரிய ரோட்டுக்கு வர வேண்டும். கொழுந்து பறிக்கிறவர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றுகிற தோட்டத்து பஸ்ஸுக்கும் இதை விட்டால் வேறு வழியில்லை. ஒதுங்குவதற்காக அங்கங்கே மலையைக் குடைந்து விட்டிருக்கிறார்கள். அதற்கு ‘வெட்டு’ என்று பெயர். வெட்டு இல்லாத இடத்தில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்துவிட்டால் ஒன்று பின்னால் போய்த்தான் தீர வேண்டும்.

யார் போவது? அங்கேதான் வம்பு. ‘ரிவர்ஸ் எடுத்தவன் தோத்தவன்’ என்று இந்த ஆம்பிளைகள் தங்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். லோரிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு சிகரெட்டைப் பற்ற வைப்பார். பஸ்காரர் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். பிள்ளைகள் இறங்கி நடப்பார்கள். என் வகுப்புப் பிள்ளைகளே செம்மண் அப்பிய சப்பாத்தோடு பாதிப் பாடத்தில் வந்து நின்றிருக்கிறார்கள். நானும் விவரம் தெரியாமல் அவர்களைத்தான் கடிந்துகொண்டிருக்கிறேன். கடைசியில், மூச்சுத் திணறிய ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன பஸ்ஸும் இப்படி மாட்டிக்கொண்டது. அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் அன்றைக்குப் பிறகுதான் பெரிய மனிதர்களுக்குக் கூடிப் பேச வேண்டும் என்று தோன்றியது.

பேசி முடித்ததும் ஈப்போவிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்தார். ஓட்டுநர்களின் கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தார். வண்டி எங்கே இருக்கிறதோ அது இங்கே திரையில் புள்ளியாகத் தெரியும். சிக்னல் கிடைக்காத வளைவுகளுக்கு வாக்கி டாக்கி. பஸ் ஏறும்போது லோரி வெட்டில் நிற்க வேண்டும். லோரி இறங்கும்போது பஸ் நிற்க வேண்டும். யார் எங்கே நிற்பது என்று சொல்ல வேண்டியவள் வரலட்சுமி. இடது வலது என்று அவள் சொல்லவே மாட்டாள். ஏறுகிறவனுக்கு இடது, இறங்குகிறவனுக்கு வலது, அவசரத்தில் யாருக்கு எது என்று குழம்பும். அதனால் ‘மலைப் பக்கம்’, ‘பள்ளப் பக்கம்’ என்பாள். குழப்பமே கிடையாது.

புள்ளிகளைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வேறொன்றும் புலப்பட்டது. ஒரு லோரி பாதி கோபிஸோடு இறங்குகிறது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்று பாதி தக்காளியோடு இறங்குகிறது. இரண்டும் மலையடிவாரத்துத் தாப்பா வரைக்கும் போய்விட்டு வெறும் வண்டியாக ஏறி வருகின்றன. “இது என்ன கூத்து? வெறும் லோரிய மலை ஏத்தி இறக்குறதுக்கு ஒரு எக்ஸர்சைஸா?” என்று வியாபாரிகளிடமே கேட்டாள். இப்போது இரண்டு பேர் சரக்கும் ஒரே லோரியில் இறங்குகிறது. திரும்பி வரும்போது உரமும் அரிசியும் ஏற்றிக்கொண்டு வருகிறது. ரோட்டில் லோரியும் குறைந்தது.

தாப்பாவில் அவளுக்கு ஒரு கூட்டாளி உண்டு. பெயர் ரோஹானி. மலையிலிருந்து வரும் சரக்கைக் கோலாலம்பூர் போகும் பெரிய லோரிகளில் மாற்றி ஏற்றும் இடத்தில் வேலை. தாப்பா போகும் வழியில், ரிங்லெட்டுக்குக் கீழே மண் சரிந்தால் முதலில் கூப்பிடுவது அவர்தான். உடனே வரலட்சுமி இறங்கப்போகிற லோரிகளை மலையின் மறுபக்கம், கம்போங் ராஜா வழியாகத் திருப்பிவிடுவாள். இரண்டு பேரும் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது பேசிக்கொள்கிறார்கள், ஆனால் நேரில் பார்த்ததே இல்லை. ரோஹானி லோரியில் பெத்தாய்க் காய்க் கட்டு அனுப்புவார். இவள் தேயிலைப் பொட்டலம் அனுப்புவாள். போன ஹரி ராயா பெருநாளுக்கு ரோஹானி பலகாரம் அனுப்பினார். “முகம் எப்படி இருக்கும்னு தெரியாது டீச்சர். ஆனா அவங்க இருமுனா சளியா, சும்மாவான்னு சொல்லிடுவேன்.”

தோட்டத்து பஸ்ஸை ஓட்டுகிறவர் மகேன். வரலட்சுமியின் கணவர். வீட்டில் அவரை “என்னங்க” என்றுதான் கூப்பிடுகிறாளாம். வாக்கி டாக்கியில் அந்த மரியாதை செல்லாது. “பஸ், நில்லு.” “பஸ், வா.” “பஸ், யாரு உன்ன நகரச் சொன்னது?” ஒருமுறை மகேனிடமே கேட்டேன், கோபம் வராதா என்று. அவர் சிரித்தார். “எனக்கு ஒண்ணும் இல்லிங்க டீச்சர். சாயந்தரம் வீட்டுக்குப் போனப்புறமும் ‘பஸ், சாப்பிட வா’ங்கிறா. அதுதான் கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கு.”

இவ்வளவு சொல்கிறேனே, ஆரம்பத்தில் ஓட்டுநர்கள் யாருக்கும் இந்தப் புள்ளி பிடிக்கவில்லை. “நான் எங்க நின்னு ஒண்ணுக்குப் போறேன்னு பொம்பள உக்காந்து பாக்குறதா?” என்று ஒருவர் செயலியையே அழித்துவிட்டார். அந்தச் சமயத்தில்தான் தர்மா என்கிற ஓட்டுநர் ஒரு காரியம் செய்தார். காபுட் சாலையோரத்து மாரியம்மன் கோயிலில் அவருக்குப் பால்குட வேண்டுதல். அன்றைக்கு முதலாளி லீவு தரவில்லை. தர்மா தன் கைப்பேசியை, கீழே இறங்கிய இன்னொரு லோரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, தன் லோரியைக் கோயில் பக்கத்திலேயே போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். திரையில் அவருடைய புள்ளி சமர்த்தாகத் தாப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. வழி காலி என்று வரலட்சுமி பஸ்ஸை ஏறச் சொன்னாள். வளைவு திரும்பியதும் பஸ்ஸுக்கு எதிரே லோரி. அதில் ஆள் இல்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கிப் பார்த்தால், மேளம் முழங்க, மஞ்சள் வேட்டியோடு தலையில் குடம் வைத்துக்கொண்டு தர்மா வருகிறார்! பஸ்ஸைப் பார்த்ததும் குடத்திலிருந்து பால் தளும்பியதாம். கூட்டமே கையெடுத்துக் கும்பிட்டதா, வயிற்றைப் பிடித்துக்கொண்டதா என்பதில் இன்றுவரை இரண்டு கட்சி இருக்கிறது.

தர்மாவின் முதலாளி வரலட்சுமியைக் கூப்பிட்டு, லோரி ஏன் தாமதம் என்று கேட்டார். “சாமி ஊர்வலம், வழி மறிச்சிருந்துச்சி” என்றாள். அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. மறுநாள் தர்மா கொந்தேனா வாசலில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது, அவரைப் பிடித்து வறுத்து எடுத்துவிட்டாளாம். “முதலாளிகிட்ட நான் சொல்ல மாட்டேன். ஆனா இன்னொரு வாட்டி ஃபோன வேற லோரில ஏத்துன, நானே ஒன்னத் தாப்பாவுக்கு உருட்டி விட்டுடுவேன். பஸ்ஸுல இருந்தது மனுசங்கடா!” அப்போதுதான் ஓட்டுநர்கள் எல்லாருக்கும் ஒரு வாக்குக் கொடுத்தாள். “கண்ணு ஒரு டிபார்ட்மெண்ட், வாய் ஒரு டிபார்ட்மெண்ட். எங்க நிக்கிறீங்க, யார்கிட்ட நிக்கிறீங்க, அதெல்லாம் என் கண்ணோட சரி. முதலாளிக்கும் போவாது, உங்க பொண்டாட்டிக்கும் போவாது.” அதற்கு அடுத்த வாரத்துக்குள் செயலியை அழித்தவர் உட்பட எல்லாரும் புள்ளிகளாகித் திரைக்கு வந்து சேர்ந்தார்கள்.

கண்ணு வேற, வாய் வேற என்கிற இந்த வாக்கு எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். பள்ளி விட்டதும் நான் இங்கே வந்து உட்காருவது பத்திரிகைக்கு எழுதத்தான். ஆனால் மலைமேல் யார் எங்கே போகிறார்கள் என்று அறிகிற ஆசை எனக்கும் உண்டு. திரை மேசை ஓரத்தில் ஒரு சுழலும் தாங்கியில் நிற்கிறது. அதில் ஓடும் புள்ளிகள் அவள் கண்ணுக்கும் தெரியும், என் கண்ணுக்கும் தெரியும். ஆனால் எந்த நிறம் எந்த வண்டி என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். நானும் ஜாடைமாடையாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். “டீச்சர், மைலோ ஆறுது, குடிங்க” என்பாள்.

போன புதன்கிழமை மதியம் திருச்செல்வம் உள்ளே வந்தார். காய்கறி வியாபாரிகளில் பெரியவர் அவர்தான். ஆறு லோரி வைத்திருக்கிறார். காபுட் சாலையில் ஓடும் லோரிகளில் பாதி அவருடையவை. வழக்கமாக வந்ததும் என்னிடம் பிள்ளைகள் படிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார். அன்றைக்கு என்னைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

“உதயன் நேத்து ரிங்லெட்டுல எவ்ளோ நேரம் நின்னான்?”

உதயன் அவருடைய ஓட்டுநர். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். அதிகம் பேசாத பையன்.

“நின்னான் முதலாளி.”

“எங்க நின்னான்? யார் வீட்டுல நின்னான்?”

“அவன்கிட்டயே கேளுங்க.”

“கேட்டுட்டேன்! ‘ஒரு வேலை இருந்துச்சி முதலாளி’ங்கிறான். அதுக்கு மேல வாயத் தொறக்க மாட்றான். தாப்பாவுல பெரிய லோரி காத்திருந்து பாத்துட்டு கெளம்பிப் போச்சி. என் தக்காளி முழுக்க அங்கேயே வெந்து கெடந்துச்சி. பசார்ல நான் தலை குனிஞ்சி நின்னேன். அவன வச்சிக்கிறதா, அனுப்புறதான்னு எனக்குத் தெரியணும். வண்டி போன கோடு அதுல இருக்குமில்ல? காட்டு.”

வரலட்சுமி மவுஸைத் தொடவில்லை. “இருக்கு முதலாளி. ஆனா காட்ட மாட்டேன்.”

“என்னது?”

“தப்பு ஒண்ணும் பண்ணல. அவ்ளோதான் என்னால சொல்ல முடியும். லேட்டா வந்ததுக்குத் திட்டுங்க, வேணாங்கல.”

“ஏம்மா, லோரி யாருது? டீசல் யாருது?”

“லோரி உங்களுது. டீசல் உங்களுது. புள்ளி அவனுது.” அவள் குரல் உயரவில்லை. “பஸ்ஸோட முட்டிக்கக் கூடாதுன்னுதான் அவன் புள்ளி குடுத்தான். அத வச்சி அவன் வேலைய எடுத்தா நாளைக்கு எல்லாப் பயலும் ஃபோன அணைச்சிடுவான். தப்பா சொல்லுறனா?”

திருச்செல்வம் கெட்ட மனிதர் அல்ல. ஆனால் ஒரு பெண் ‘மாட்டேன்’ என்று முகத்துக்கு நேரே சொல்லி, அதை ஒரு டீச்சரும் கேட்டுவிட்டால் அவரால் பொறுக்க முடியாது. முகம் கறுத்துவிட்டது. “அப்ப நாளைலேருந்து என் ஆறு லோரியும் உன் டிவில வராது. என் வண்டிய நானே பாத்துக்கிறேன். நான் ஈப்போ போறேன், ராத்திரிதான் வருவேன். அதுக்குள்ள யோசிச்சி வை.” தகரக் கதவை அவர் சாத்திய சாத்தலில் கூரை அதிர்ந்தது.

வரலட்சுமி மைலோ ஊற்றினாள். பாதி மேசையில் ஊற்றினாள். “டீச்சர், எனக்கு பயமா இருக்கு” என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை. பாதி லோரி தெரியாத திரை, திரையே இல்லாததைவிட மோசம். முன்பு எதிரே ஏதாவது வரும் என்ற பயத்திலாவது மகேன் மெதுவாக வருவார். இனி இவள் வழி காலி என்று சொல்வாள், அவர் நம்பி வளைவு திரும்புவார். பஸ் நிறையப் பிள்ளைகள் இருப்பார்கள்.

“காட்டித் தொலைத்தால் என்ன?” என்றேன் நான். “தப்பு ஒன்றும் செய்யவில்லை என்கிறாய். அப்படியானால் காட்டினால் அவனுக்கு நல்லதுதானே? அவன் வேலையும் போகாது, லோரிகளும் திரையில் இருக்கும்.”

“நல்லதுன்னு இன்னைக்குச் சொன்னா, நாளைக்கு வேற ஒருத்தனுக்கு நான் சும்மா இருக்கும்போது கெட்டதுன்னு அர்த்தம் ஆயிடும் டீச்சர். அப்புறம் நான் வாயத் தொறந்தாலும் வம்பு, மூடுனாலும் வம்பு.”

“உதயன் அப்படி என்னதான் செய்தான்?”

“கோபிஸுக்குத் தலை வாரி விட்டான்” என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அப்போதே எழுந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். பனிதான் விடவில்லை. மலைமேலிருந்து ஒரேயடியாக இறங்கி ஜன்னலை அடைத்துவிட்டது. கொட்டகை தெரியவில்லை, என் கார் தெரியவில்லை. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பஸ் காபுட் சாலையில் ஏறத் தொடங்கியிருந்தது. வரலட்சுமி சிந்திய மைலோவைத் துடைத்தபடியே பஸ்ஸின் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைப்பேசி அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

“வரலட்சுமி...” திருச்செல்வத்தின் குரல். “பனி ரொம்ப எறங்கிடுச்சி. மூக்குக்கு முன்னால ஒண்ணும் தெரியல. எதிர்ல எதுனா வருதா?”

“எங்க இருக்கீங்க முதலாளி?”

“ரோட்டுலதான்.”

“ஈப்போ ரோட்டுலயா?”

மழைத் துடைப்பான் போய்ப் போய் வருகிற சத்தம் மட்டும் கேட்டது. “காபுட் ரோட்டுல.”

நான் ஸ்ட்ராபெரி தலையணையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஈப்போ எங்கே, காபுட் எங்கே! அந்தச் சாலை மேலே போய் மூன்று கிளையாகப் பிரிகிறது. அவருடைய லோரிகள்தான் அங்கே போகுமே தவிர, அவர் போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

வரலட்சுமி அதற்குள் வாக்கி டாக்கியை எடுத்துவிட்டாள். “பஸ், நில்லு. நின்ன எடத்துலயே நில்லு. எல்லா வெளக்கையும் போடு.”

“வளைவுல நிக்கிறேன், வெட்டுல இல்ல” என்றது மகேனின் குரல். பின்னால் பிள்ளைகள் ஏதோ பாட்டுப் பாடும் சத்தம்.

“தெரியுது. ஹார்ன் அடிச்சிக்கிட்டே இரு.” மறுபடி கைப்பேசிக்குக் குனிந்தாள். “முதலாளி, ஏறுறீங்களா, எறங்குறீங்களா?”

“எறங்குறேன்.”

“எந்தப் பக்கத்துலேருந்து?”

“அதெல்லாம் எதுக்கு? பஸ் எங்கன்னு மட்டும் சொல்லு. நான் பாத்து வந்துடுவேன்.”

“நீங்க எங்கன்னு தெரியாம பஸ்ஸ நான் எப்படி நகத்துறது? லொகேஷன் போடுங்க.”

“வரலட்சுமி, நான் சொல்றத—”

“புள்ளைங்க இருக்காங்க முதலாளி! போடுங்க லா!”

அவள் முதலாளி ஒருவரைப் பார்த்து அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அவரும் கேட்டிருக்க மாட்டார். துடைப்பான் நாலைந்து முறை போய் வந்தது. பிறகு கணினியில் ‘டிங்’ என்று ஒரு சத்தம். புதிதாக ஒரு புள்ளி விழுந்துவிட்டது.

நான் எழுந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கால் தானாக எழுந்தது. மேசைப் பக்கம் ஓர் எட்டு வைப்பதற்குள் வரலட்சுமி கையை நீட்டித் திரையை முழுக்கத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் முதுகும் தூசியும் தொங்கும் கம்பிகளும்தான்.

“முதலாளி, மெல்ல எறங்குங்க. மலைப் பக்கம் ஒரு வெட்டு வரும், மூங்கில் புதர் நிக்கும். உள்ள நொழைஞ்சி நின்னுக்குங்க. லைட்ட அணைக்காதீங்க. பள்ளப் பக்கம் போயிடாதீங்க, சாமி, புண்ணியமா போவும்... ஆங், அப்படியே. அப்படியே. இன்னும் கொஞ்சம். நில்லுங்க.”

“நின்னுட்டேன்.”

“பஸ், வா. எறும்பு மாதிரி வா.”

“எதிர்ல யாரு?” என்றார் மகேன்.

“ஒரு வண்டி.”

“யாரு வண்டி லா?”

“நாலு சக்கரம் வச்ச வண்டி. ரோட்ட பாத்து வா.”

ஹார்ன் சத்தம் வாக்கி டாக்கியிலும் கேட்டது, கைப்பேசியிலும் கேட்டது. இரண்டும் நெருங்கி நெருங்கி ஒரே சத்தமாயின. பிள்ளைகளின் பாட்டு திருச்செல்வத்தின் பக்கத்திலிருந்தும் கேட்டது. பிறகு அது தேய்ந்தது. “பனில ரெண்டு லைட்டு மட்டும் தெரிஞ்சிச்சி. தாண்டிட்டேன்” என்றார் மகேன். வரலட்சுமி வாக்கி டாக்கியை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். நெற்றியில், அந்தக் குளிரிலும், வேர்வை.

கைப்பேசியில் திருச்செல்வம் இன்னும் இருந்தார். நான் அவளுக்கு ஜாடை காட்டினேன். ஸ்டியரிங் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் திருப்பி, உதயன், உதயன் என்று உதட்டை அசைத்தேன். கேட்க இதைவிட நல்ல நேரம் வருமா? இப்போது கேட்டால் அந்த மனிதரால் மறுக்க முடியுமா? வரலட்சுமி என்னைப் பார்த்தாள். தலையை ஒரே ஓர் ஆட்டு ஆட்டினாள், முடியாது என்று.

“டீச்சர் அங்கதான் இருக்காங்களா?” என்றார் திருச்செல்வம்.

“இருக்காங்க. திரை என் பக்கம்தான் இருக்கு.”

கார் மறுபடி நகரும் சத்தம் கேட்டது. “நாளைக்கு லோரி எல்லாம் வழக்கம்போலதான்” என்றார் கடைசியாக. “உதயன்தான் மொத வண்டி. பஸ் நேரத்த அவன்கிட்ட சொல்லிடு.”

“சரி முதலாளி. மெல்ல வாங்க.”

அவள் கைப்பேசியை வைத்தாள். எனக்கு நாக்கு நமைத்தது. “எந்தக் கிளையிலிருந்து இறங்கினார்?” என்று கேட்டேவிட்டேன். திரையின் அந்தப் பக்கம் மவுஸின் சத்தம் ஒருமுறை கேட்டது, இன்னொரு முறை கேட்டது. முகத்தைக் கிட்டே கொண்டுபோய், அந்தப் புதுப் புள்ளி அழிந்துவிட்டதா என்று பார்த்தாள். பிறகு கையைச் சுவெட்டரில் துடைத்துக்கொண்டு, திரையை இரண்டு கையாலும் பிடித்து, மெல்ல என் பக்கம் திருப்பி வைத்தாள்.